செல் இல்லாத ஆறு குழிகள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. நெதர்லாந்தில் அறுபத்தெட்டு வயதான ஒருத்திக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று குடல் பரிசோதனைக்கு அழைப்பு, மற்றது காது மெஷினுக்குத் தள்ளுபடி. இந்தக் கடிதத்தின் தலைப்பில் ‘இருபத்தைந்து ஆண்டு நிறைவு’ என்று இருந்தது. ஏதோ வாழ்த்து என்று நினைத்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பிரித்தேன்.

வாழ்த்து இல்லை. என் பொறுப்பில் இருந்த ஆய்வக நோட்டு எண் பதினேழின் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டதாம். அதை அழிக்கப் போகிறார்களாம். பொறுப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டு இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.’

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அது நான் எழுதிய வரி. ஆய்வக நிர்வாகியாக இருந்த காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பாதி செய்முறைகளையும் முக்கால்வாசிப் படிவங்களையும் எழுதிக்கொடுத்தது நான்தான். பால் பொங்கி வழிந்த பிறகே அடுப்பு ஞாபகம் வந்தது.

படிவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே உள்ள ஒரு ஊரில் பிறந்தவள் நான். பிறந்தபோது அது தென்னார்க்காடு மாவட்டம். நான் கடல் கடந்த பிறகு அனுப்பிய கடிதங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயின. இப்போது என் தம்பி ஏழுமலை அதே வீட்டில் அதே கட்டிலில் படுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வசிக்கிறான். சில வருடம் முன்பு குடியுரிமை வாங்கும்போது, மூன்று தாள்களில் மூன்று மாவட்டங்கள் இருந்தாலும் ஊர் நகரவில்லை என்று இங்கே ஒரு அதிகாரியிடம் வரைபடம் போட்டு விளக்கினேன். அவர் நாட்டில் கடலையே நகர்த்தி நிலம் செய்திருக்கிறார்கள். ஆனால் மாவட்டம் நகர்வது அவருக்குப் புரியவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு கையெழுத்து போடுவது பெரிய விஷயமில்லை. ஆனால் நோட்டு பதினேழில் ஐம்பத்து மூன்றாம் பக்கம் இருக்கிறது. ஒரு பெண் நான்கு வருடம் உழைத்துத் தோற்றது அவள் கைக்கோளாறால் அல்ல என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அந்தப் பக்கம்தான். அது அழிய நான் சம்மதிக்கவில்லை. ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில், நான் என்ன வேலை பார்த்தேன் என்பது. இதை நான் ஒழுங்காக விளக்கியது ஒரே ஒரு முறைதான், அதுவும் மலையடிவாரச் சோதனைச் சாவடியில்.

இரண்டு வருடம் முன்பு ஊருக்கு வந்திருந்தேன். மகள் தாராவும் கூட வந்தாள். ஏழுமலை காரில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போனான். எலுமிச்சை சாதமும் தண்ணீரும் ஒரு துணிப்பையில் இருந்தன. பிரிவுபசாரத்தில் என் சக ஊழியர்கள் கொடுத்த பை அது. ஒரு பக்கம் ஒரு மூலக்கூறின் படம். மறுபக்கம், அவர்களுடைய நகைச்சுவை உணர்வின்படி, பெரிதாக ஒரு கஞ்சா இலை. நான் அதைக் காய்கறிப் பையாகவே பார்த்துப் பழகியிருந்தேன்.

காருக்குள் எட்டிப் பார்த்த போலீஸ்காரர் அப்படிப் பார்க்கவில்லை.

“இன்னாம்மா இது? இத்த மாட்டிக்கினு மலைக்குப் போறீங்க?”

“சார், அக்கா சயின்டிஸ்ட்டுங்க. வெளிநாடு,” என்றான் ஏழுமலை. அவனுக்கு வேர்த்துவிட்டது.

“வெளிநாட்ல இந்தப் பையெல்லாம் விக்குதா? நல்ல நாடுதான்.”

நான் கீழே இறங்கினேன். “நம்ம ஒடம்பே இதுமாதிரி ஒரு பொருளச் செய்யுதுங்க. மூளையில, தோல்ல, எல்லா எடத்துலயும். ஆனந்தமைடுன்னு பேரு. ஆனந்தம்னு நம்ம வார்த்தையத்தான் வெச்சிருக்காங்க.”

“ஒடம்பே செய்யுதா? அப்ப பறிமுதல் பண்ணணும்னா ஆளத்தான் தூக்கிக்கினு போவணும்.”

அவரே சிரித்தார். ஏழுமலைக்கு உயிர் வந்தது. பிறகு அந்த மனிதர், முப்பது வருடம் பெரிய பெரிய கூட்டங்களில் கேட்கப்பட்ட கேள்வியைச் சாவகாசமாகக் கேட்டார்: “சரிங்க, செஞ்சது வேல முடிஞ்சதும் எங்க போவுது?”

அதுதான் என் வேலை. வலியோ அதிர்ச்சியோ வரும்போது, செல் தன் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்தே ஆனந்தமைடை அப்போதைக்கப்போது செய்து வெளியே விடுகிறது. அது பக்கத்து செல்லைத் தொட்டுக் ‘கொஞ்சம் அடங்கு’ என்கிறது. சில நிமிடங்கள்தான். அதற்குள் செல்கள் அதை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் ஒரு நொதி அதை வெட்டிப் போட்டுவிடுகிறது. உள்ளே போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்த முடிந்தால், உடலின் சொந்த வலிமருந்து கூடுதல் நேரம் வெளியே நின்று வேலை செய்யும். அதனால் மருந்து தேடுகிறவர்களுக்கு ஒரே கேள்வி: அது எப்படி உள்ளே போகிறது? ஆனந்தமைடு கொழுப்பு. செல்லின் சவ்வும் கொழுப்பு. தானாகவே கரைந்து உள்ளே நழுவிவிடும் என்றது ஒரு கட்சி. இல்லை, அதற்கென்று ஒரு புரதம் வாசல்போல நின்று உள்ளே விடுகிறது என்றது இன்னொரு கட்சி. எங்கள் பேராசிரியர் வாசல் கட்சி. அதனால் நாங்கள் எல்லோரும் வாசல் கட்சி.

இதை நான் சொல்லி முடித்ததும் போலீஸ்காரர் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் இங்க நின்னுக்கினு இருக்கேன். காரு, பஸ்ஸு இந்த வழியா வருது, பாக்கறேன். ஆனா நடந்து எறங்கறவன் இன்னாத்துக்கு என்னத் தேடிக்கினு வரப்போறான்? மலை பூரா வழிதானுங்களே.”

தாராவுக்கு அந்த வேகத் தமிழ் பிடிபடவில்லை. காரில் ஏறியதும் டச்சில் மொழிபெயர்த்துச் சொன்னேன். “உங்கள் பேராசிரியரைவிட இவர் தெளிவாக இருக்கிறார்,” என்றாள்.

3

நான் இங்கே வந்த புதிதில் செய்த பிழைகளைப் பட்டியல் போட்டால் இந்தக் குறிப்பு முடியாது. டச்சு மொழியில் மரியாதைக்கு ஒரு ‘நீங்கள்’ உண்டு. பத்திரமான வழி என்று எல்லோரையும் அப்படியே அழைத்தேன். அண்டை வீட்டு நாயையும் அப்படி அழைத்ததாகச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். பேராசிரியரோ தன்னைப் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைக்க வேண்டும் என்றார். ஒருமையில் அழைக்கக்கூடிய மனிதரிடம் ‘முடியாது’ என்று சொல்வதும் எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ‘முடியாது’ என்பது வேறு பாடம், ஒருமையோடு சேர்ந்து வராது.

ஆனால் என் பெரிய பிழை மொழியில் நடக்கவில்லை. கண்ணாடியில் நடந்தது.

ஆரம்பத்தில் எங்கள் சோதனையைக் கண்ணாடிக் கிண்ணங்களில் செய்தோம். அவற்றைக் கழுவுவது நான். உடைந்தால் பதில் சொல்வதும் நான். ஒரு வருடம் கழுவிய பிறகு, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டுகள் வாங்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதினேன். நேரம் மிச்சம், உடையாது, ஒருமுறை பயன்படுத்தி வீசிவிடலாம் என்று காரணங்களை அடுக்கினேன். மறுபேச்சின்றி ஒப்புதல் வந்தது. நோட்டு பதினேழின் ஒன்பதாம் பக்கத்தில் அதன் நகலை நானே பெருமையாக ஒட்டியிருக்கிறேன்.

சோதனை எளியது. தட்டில் இருபத்து நான்கு குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் செல்கள் ஒட்டி வளர்ந்திருக்கும். கதிரியக்க அடையாளம் போட்ட ஆனந்தமைடைக் கரைசலாக ஊற்ற வேண்டும். ஒரு தட்டை உடல் சூட்டிலும் இன்னொரு தட்டை ஐஸ் மேலும் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். பிறகு கழுவி, செல்களைக் கரைத்து, எண்ணும் இயந்திரத்தில் கொடுக்க வேண்டும். ஐஸில் வாசல் வேலை செய்யாது, அங்கே வரும் எண் சும்மா ஒட்டிக்கொண்டது மட்டும் என்பது எங்கள் நம்பிக்கை. சூட்டு எண்ணிலிருந்து ஐஸ் எண்ணைக் கழித்தால் வாசல் வழியாக உள்ளே போனது கிடைக்கும். இந்தச் செய்முறையைப் பதினொரு பக்கத்தில் எழுதியவள் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்கள் போதவில்லை. இரண்டு தட்டிலும் மும்மூன்று குழிகள் காலியாக நின்றன. கலக்கி வைத்த கதிரியக்கக் கரைசல் கொஞ்சம் மிஞ்சியது. இப்போது கவனியுங்கள். பயன்படுத்திய கதிரியக்க நீரை அப்புறப்படுத்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். பயன்படுத்தாமல் மிஞ்சியதை அப்புறப்படுத்த நான்கு பக்கப் படிவம், இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று பாதுகாப்பு அலுவலருடையது. அவர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் பாய்மரப் படகோட்டப் போய்விடுவார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் புரியும். மிச்சத்தை அந்த ஆறு காலிக் குழிகளில் ஊற்றினேன். ஊற்றிவிட்டால் அது ‘பயன்படுத்தியது’. ஊற்றியதையெல்லாம் எண்ணிப் பதிய வேண்டும் என்று என் செய்முறை சொன்னதால், அவற்றையும் கழுவி எண்ணினேன்.

காலிக் குழிகள் ஆனந்தமைடை எடுத்துக்கொண்டிருந்தன.

ஒட்டிக்கொண்டது என்று தள்ளிவிடலாம். ஆனால் சூட்டில் இருந்த காலிக் குழிகள் அதிகம் எடுத்திருந்தன, ஐஸில் இருந்தவை குறைவாக. கழித்துப் பார்த்தேன். செல்லே இல்லாத இடத்தில் வாசல் இருந்தது.

அடுத்த வாரம் வேண்டுமென்றே மூன்று முறை திரும்பச் செய்தேன். வாசலை அடைக்கும் மருந்து என்று நாங்கள் நம்பியிருந்ததையும் சேர்த்து ஊற்றினேன். காலிக் குழியின் வாசலும் அடைபட்டது. பழைய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து அதில் செய்தேன். வாசல் ஏறக்குறைய காணாமல் போனது. எல்லாவற்றையும் ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘நாம் அளப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.’

4

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வாரம் ஒருமுறை பேராசிரியர் படித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பதும் விதி. அவர் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

“வாசல் பற்றிய நம் கட்டுரை ஏற்கெனவே பத்திரிகைக்குப் போய்விட்டது,” என்றார்.

“திருத்தம் அனுப்பலாம்.”

“இது நோட்டில் இருக்கட்டும்.” பேனாவை எடுத்துச் சுருக்கொப்பம் இட்டு, தேதியும் போட்டு, மூடிக் கொடுத்தார். விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது.

அந்த மாதம் என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலை தொடர்கிறது என்று பேராசிரியர் ஒரு கடிதம் தர வேண்டும். என் கணவருடைய தாளும் இரண்டு வயதான தாராவின் தாளும் என் தாளோடு பின் அடித்திருந்தன. அவர் மிரட்டவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும். ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை, கடிதத்தை அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தார், குழந்தைக்கு ஒரு மர பொம்மையும் கொடுத்தார். மிரட்டத் தேவையில்லாத இடத்தில் நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

நான் பேசாமல் இருந்தேன்.

அடுத்த வருடம் ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அவளை இங்கே ஹன்னா என்று அழைக்கிறேன். அந்த வாசல் புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் அவளுக்குத் தரப்பட்ட வேலை. நெட்டையான பெண். ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது பாடுவாள். அவள் நோட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு, ஆகவே அவள் கையெழுத்து எனக்கு மனப்பாடம். முதல் வருடம் உருண்டையாக எழுதினாள். நான்காம் வருடம் எழுத்து சின்னதாகி, வரியை விட்டுக் கீழே சரிந்தது. வாசல் கிடைக்கவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே என்னிடம் கேட்டாள்: “என் கைகளில் ஏதாவது தவறு இருக்கிறதா? எல்லாருக்கும் வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?”

“உன் கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன,” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் பட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய விலகல் சான்றிதழையும் நான்தான் தயாரித்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதினேன்.

பிற்பாடு வேறு ஆய்வகங்களில் இருந்தவர்கள் பிளாஸ்டிக் விஷயத்தைக் கண்டுபிடித்து வெளிப்படையாக எழுதினார்கள். எங்கள் செய்முறையிலும் ‘செல் இல்லாத குழிகளையும் எண்ணிக் கழிக்கவும்’ என்று ஒரு வரி சேர்ந்தது. அதையும் தட்டச்சு செய்தது நான். ஏன் சேர்ந்தது என்று எங்கும் எழுதவில்லை. இன்றைக்கும் அந்த விவாதம் முடியவில்லை. செல்லுக்குள் ஆனந்தமைடைத் தூக்கிச் செல்லும் புரதங்கள் இருக்கின்றன, உள்ளே நொதி வெட்ட வெட்ட வெளியே இருப்பது இழுபட்டு வருகிறது என்றெல்லாம் தெரிந்திருக்கிறது. சவ்வில் நிற்கும் வாசல் உண்டா இல்லையா என்பதில் மட்டும் இன்னும் சண்டை. விஞ்ஞானத்துக்கு என் நோட்டு இனி தேவையில்லை. அது எனக்கும் தெரியும்.

ஹன்னாவுக்குத் தேவை. அவள் தோற்க ஆரம்பிக்கும் முன்பே எங்களுக்குத் தெரியும் என்று சொல்வது அந்த ஒரு பக்கம்தான்.

5

கடிதம் வந்த மறுநாள் ஏழுமலை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது.

“இன்னாக்கா, கொரலு ஒரு மாதிரி கீது?”

“பழைய ஆபீஸ்லருந்து லெட்டர்டா. என் நோட்ட அழிக்கப் போறாங்களாம்.”

“கஞ்சா நோட்டா? போலீஸ் கீலீஸ் எதனா…?”

“முப்பது வருஷமா சொல்றேன், அது கஞ்சா இல்லடா.”

“இல்லதான். ஆனா ஊர்ல நான் மருந்து கம்பெனின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீ ஒண்ணும் ஒளறி வெக்காத.”

விஷயத்தைச் சொன்னேன். ஆறு குழி, சூடு, ஐஸ், எல்லாம். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டான். கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

“இத்தக் கண்டுபுடிக்க அவ்ளோ பெரிய மிசினா? எண்ண வெச்ச பிளாஸ்டிக் டப்பாவ எத்தினி வாட்டி கழுவனாலும் பிசுக்கு போவுமா? சூடா சாம்பார் ஊத்துனா மஞ்சக் கறை ஜாஸ்தி புடிக்கும், ஆறுனத ஊத்துனா கம்மி. எங்கூட்டுக்காரியக் கேட்டிருந்தா போன்லயே சொல்லியிருப்பாளே!”

முதுநிலை வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். எண்ணெய்ப் பாத்திரம் கழுவி வளர்ந்தவளும் நான்தான். ஆய்வகக் கோட்டு மாட்டியதும் இரண்டாவது ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

“சரிக்கா, நோட்டு போனா உனக்கு இன்னா?”

“எங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அதுலதான் இருக்கு.”

“எங்களுக்குன்னா? நீயுந்தானே மாட்டுவ?”

“ஆமா. பிளாஸ்டிக் வாங்கச் சொன்னதும் நான்தான். அதுவும் அதே நோட்டுலதான் இருக்கு.”

“அப்ப அழிஞ்சா உனக்கு நல்லதுதானே? ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயி கால நீட்டிப் படுக்காம, இந்த வயசுல இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கற?”

மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தாரா வந்தாள். நகராட்சியில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் வரும்போது தமிழில் தொடங்குவாள், காபி ஆறுவதற்குள் டச்சுக்குப் போய்விடுவாள். அவளுக்கு இட்லி பிடிக்கும், இட்லி மாவு அரைக்கும் சத்தம் பிடிக்காது. என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருக்கிறாள்.

“அம்மா, விடு. பிளாஸ்டிக் பத்தி இப்போ எல்லாருக்கும் தெரியும். நீ எதுக்கு சண்டை?”

“பிளாஸ்டிக் தெரியும். நாங்க மறைச்சது தெரியாது.”

“அவருக்கு எண்பத்தொரு வயசு அம்மா.”

“எனக்கு அறுபத்தெட்டு. அதனாலதான் இப்பவே செய்யறேன்.”

“அப்போவே ஏன் செய்யலை?”

இந்தக் கேள்வியை இருபத்தைந்து வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அனுமதிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பின் அடித்த மூன்று தாள்களைப் பற்றிச் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்போ… என்னாலயா?” டச்சில் கேட்டாள்.

நான் தமிழில் சொன்னேன். “இல்ல. பயந்தது நான். உன்னச் சாக்கா வெச்சிக்கிட்டேன்.”

அவள் எழுந்து படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் படித்தாள். நகராட்சிக்காரி அல்லவா. “இதில் மறுப்பு என்று கட்டமே இல்லையே,” என்றாள்.

“கட்டம் இல்ல. ஆனா விதி இருக்கு.”

6

ஆவணப் பிரிவு ஒரு நிலவறை. மேசைக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மிகவும் அன்பாகப் பேசினாள். அன்பாகப் பேசும் எழுத்தர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

“கையெழுத்திட வந்தீர்களா? தபாலிலேயே அனுப்பியிருக்கலாமே.”

“மறுக்க வந்தேன்.”

“மறுக்க வழியில்லையே. கால வரம்பு முடிந்துவிட்டது.”

“பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று. ஒரு பதிவின் மேல் திருத்தக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் அதை அழிக்கக் கூடாது.”

அவள் கணினியில் தேடினாள். வெகுநேரம் தேடினாள். “இருக்கிறது. ஆனால் இதுவரை யாரும் இதைப் பயன்படுத்தியதில்லை.”

“தெரியும். எழுதியவள் நான்.”

திருத்தக் கோரிக்கையை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாக்கியங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் நகர மறுத்தேன். முத்திரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்றும் நானே சொன்னேன்.

விதிப்படி நகல் பேராசிரியருக்குப் போகும். மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் வேகம் குறையவில்லை.

“உனக்கு என்ன வேண்டும்? மன்னிப்பா?”

“பக்கம் இருக்க வேண்டும்.”

“பக்கம் இருந்தால் ஒன்பதாம் பக்கமும் இருக்கும். கண்ணாடியை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறச் சொன்னது யார் என்று எல்லோரும் படிப்பார்கள்.”

“படிக்கட்டும். நல்ல விண்ணப்பம் அது.”

“யாருக்காக இதைச் செய்கிறாய்? அந்தப் பெண் எங்கோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள்.”

“அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் நீங்களும் அவளை மறக்கவில்லை.”

அதற்கு அவர் சொன்னார்: “நீ அன்றைக்கே பேசியிருக்கலாம். உன் வாயை நான் பொத்தவில்லை.”

“இல்லை. நீங்கள் பொத்தவில்லை,” என்றேன். அந்த உரையாடலில் அவர் சொன்ன பெரிய உண்மை அது. அதை நான் மறுக்கவும் இல்லை. “கோரிக்கையைத் திரும்பப் பெற மாட்டேன்,” என்று சொல்லி நானே முதலில் வைத்தேன். முப்பது வருடத்தில் அவருடைய அழைப்பை நான் முதலில் துண்டித்தது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. நோட்டு பதினேழு இன்னும் பத்து வருடம் பாதுகாக்கப்படும். என் திருத்தக் குறிப்பு ஐம்பத்து மூன்றாம் பக்கத்தோடு இணைக்கப்படும். பத்து வருடம் முடியும்போது எனக்கு எழுபத்தெட்டு ஆகும். மறுபடி படிவம் வரட்டும். மறுபடி அந்த நிலவறைக்கு இறங்கிப் போவேன், கைத்தடியோடு போக வேண்டியிருந்தாலும்.

ஆனால் என்னுடைய மூன்று வாக்கியங்களில் இரண்டைத்தான் ஏற்றிருந்தார்கள். செல் இல்லாத குழிகளும் ஆனந்தமைடை எடுத்துக்கொண்டன என்பது முதல் வாக்கியம். கட்டுரையில் இது சொல்லப்படவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவதன் மேல் நேர்த்தியாக அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் ‘தரவு தொடர்பானதல்ல’ என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரிதான். திருத்தக் குறிப்பில் தரவு தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்ற விதியும் என்னுடையதே.

ஆகவே அந்த மூன்றாவது வாக்கியத்தை, என் விதிகள் செல்லாத இந்த இடத்தில், நீங்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்: ‘ஹன்னா என்னிடம் தன் கைகளில் தவறா என்று கேட்ட அன்று, தவறு தட்டில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்; நான் சொல்லவில்லை.’

இதே வாக்கியத்தை அவளுக்கும் எழுதி, ஐம்பத்து மூன்றாம் பக்கத்தின் நகலையும் ஒன்பதாம் பக்கத்தின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு மேல் கடிதம் எதுவும் எழுதவில்லை. விளக்கம் சொன்னால் அவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

நேற்று ஒப்புகை அட்டை வந்தது. அவள் கைப்படப் பெற்றுக்கொண்டிருக்கிறாள். வேறு ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்து மட்டும். உருண்டையாக, கோட்டின் மேல் நேராக.